முட்டையை நிறுத்தாதீங்க, தண்டலை நிறுத்துங்க

கழனி வேலை ஒரு பக்கம் முடிஞ்சு கொஞ்சம் கை ஓய்ஞ்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல குமைஞ்சுகிட்டு இருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். பொறுத்துக்குங்க.

"வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இப்ப ஆளுக்குப் பஞ்சமே இல்லை. செல்போனைத் திறந்தா ஒருத்தர் சொல்றார். டிவியில ஒரு அம்மா சொல்றாங்க. எங்க ஊர்ப் பக்கமே ஒரு கூட்டத்துல, திரையில படம் போட்டு ஒரு தம்பி முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். எல்லாரும் சொல்றது ஒரே பட்டியல்தான். மொத்தமா வாங்குங்க. பருப்பை ஊற வச்சு வேக வைங்க, கேஸ் மிச்சமாகும். கரண்ட் கம்மியா இழுக்கிற ஃபேன் மாட்டுங்க. வெளியில டீ குடிக்காதீங்க. தினமும் செலவை நோட்டுல எழுதுங்க.

இதுல எதுவும் பொய் இல்லை. ஆனா கேட்கிறவங்க யாருன்னு பார்க்காம சொல்ற யோசனை. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிற குடும்பம், நூறு நாள் வேலைக்குப் போற அம்மா, கரும்பு வெட்டப் போற ஆள், இவங்க வீட்டு அடுப்பங்கரையில வெட்டுறதுக்கு என்ன மிச்சம் இருக்குன்னு நினைக்கிறீங்க? சாமான் சாமானா கணக்குப் போட்டே பார்ப்போம்.

அரிசி: 2011 ஜூன் மாசத்துல இருந்து ரேஷன்ல விலை இல்லாமக் கிடைக்குது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். கரண்ட் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துல இருந்து டிக்கெட் கிடையாது. கேஸ் சிலிண்டர் விலைதான் இடிக்குது. 2025 ஏப்ரல்ல சென்னை விலை 868 ரூபாய் 50 காசுன்னு ஆச்சு. அதையும் எங்க தெருவுல முக்கால்வாசி வீட்டுல டீ போடவும் அவசரத்துக்கும்தான் தொடுறாங்க. சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் விறகு அடுப்புலதான். இவங்ககிட்ட வந்து "பருப்பை ஊற வைங்கம்மா" என்று சொன்னா அவங்க சிரிக்கத்தான் செய்வாங்க.

ஃபேன் விஷயத்தையும் பார்த்துடுவோம், ஏன்னா அதைத்தான் ரொம்பப் பெருமையா சொல்றாங்க. சாதா ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினா முக்கால் யூனிட், ரெண்டு மாசத்துக்கு 45 யூனிட். புது மாதிரி ஃபேன் 30 வாட்னு வச்சுக்குங்க, 18 யூனிட். மிச்சம் 27 யூனிட். நல்லதுதான். ஆனா எங்க மாதிரி குறைவா எரிக்கிற வீட்டுக்கு, இலவசம் போக அடுத்த யூனிட் ரெண்டு ரூபாய் சில்லறைதான். ரெண்டு மாசத்துக்கு 65 ரூபாய் மிஞ்சும், வருஷத்துக்கு 400 ரூபாய். மொத்தமே 100 யூனிட்டுக்குள்ள எரிக்கிற வீடா இருந்தா ஒரு பைசா மிஞ்சாது. அதுக்குன்னு சாதா ஃபேனை விட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதலாக் கொடுத்து வாங்கணுமாம். ஏசி ஓடுற டவுன் வீட்டுக்கு அது சிக்கனம். கூரை வீட்டுக்கு அது செலவு.

இப்படி வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாத அடுப்பங்கரையில போய் "வெட்டு, வெட்டு" என்று சொன்னா எதை வெட்டுவாங்க? முட்டையை வெட்டுவாங்க. பாலை வெட்டுவாங்க. கீரைக்காரம்மா வந்தா "இன்னிக்கு வேணாம்" என்பாங்க. அதுலயும் புருஷன் தட்டுல இருக்கிறதையும் பிள்ளைங்க தட்டுல இருக்கிறதையும் தொட மாட்டாங்க, தன் தட்டுல இருக்கிறதைத்தான் முதல்ல எடுப்பாங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்லுது தெரியுமா? தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! ஏற்கெனவே ரத்தம் இல்லாத உடம்புகிட்ட இன்னும் கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்றது யோசனையா, பாவமா? நீங்களே சொல்லுங்க.

அடுத்து "மொத்தமா வாங்குங்க." இதுக்கு மொத்தமா காசு வேணும் சாமி. எங்க காசு எப்படி வருதுன்னு இந்த யோசனைக்காரங்களுக்குத் தெரியுமா? கரும்பு நட்டா பத்து, பன்னிரண்டு மாசம். ஆலைக்கு அனுப்பின 14 நாளுக்குள்ள பணம் தரணும், தவறினா வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி சேர்த்துத் தரணும்னு 1966ல போட்ட கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கு. அந்த 15 சதவீதத்தைக் கையில வாங்கின விவசாயி எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்க ஊர்ல விசாரிச்சுப் பாருங்க. உளுந்தும் மல்லாட்டையும் எடுத்தா உடனே விக்கணும், ஏன்னா வண்டிக்காரர், கூலி, உரக்கடை எல்லாரும் களத்துலயே நிக்கிறாங்க. ஆக, வருஷத்துல ரெண்டு தடவை காசு, 365 நாளும் செலவு. இதுதான் எங்க நிலைமை. மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வர்றவருக்குச் சொல்ற யோசனை எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

இந்த நிலைமையை நல்லாப் புரிஞ்சுக்கிட்டவங்க யாருன்னா வியாபாரிங்கதான். பாக்கெட் ஷாம்பு பிறந்ததே நமக்குப் பக்கத்துல, கடலூர்லதான். சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தர், சின்ன சின்ன பாக்கெட்டுல அடைச்சா கூலிக்காரரும் வாங்குவார்னு கண்டுபிடிச்சார். அவர் மகன் ரங்கநாதன் 1983ல சிக் ஷாம்புவை ஆரம்பிச்சார். இன்னிக்கு உலகக் கம்பெனி எல்லாம் அந்த வழியிலதான் நடக்குது. இதுல ஒரு வேடிக்கை: ஷாம்புல மில்லி கணக்குப் போட்டுப் பார்த்தா ஒரு ரூபாய் பாக்கெட் பெரும்பாலும் பாட்டிலை விட மலிவா இருக்கும். அதனால "பாக்கெட் வாங்காதே" என்கிற யோசனையும் எல்லா நேரமும் சரி இல்லை. ஆனா டீத்தூள், தேங்காய் எண்ணெய், மசாலாத்தூள் எல்லாம் சின்னதா வாங்க வாங்க விலை ஏறும். இப்ப பெரும்பாலான பாக்கெட்டுல ஒரு கிராம், ஒரு மில்லி என்ன விலைன்னு அச்சடிச்சே வருது. பொடி எழுத்துல இருக்கும், பிள்ளைங்களைப் படிக்கச் சொல்லுங்க. இது வேலைக்கு ஆகுற யோசனை.

சரி, அடுப்பங்கரையில இல்லைன்னா காசு எங்கதான் போகுது? இதைத்தான் யாரும் பேச மாட்டேங்கிறாங்க. வட்டியில போகுது. தண்டல்லயும் குழு லோன் டியூவுலயும் போகுது.

தண்டல் கணக்கைப் பாருங்க. 10,000 ரூபாய் கடன்னு பேரு. கையில தர்றது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். "1,500 ரூபாய்தானே, 15 பர்சென்ட்தானே" என்று நினைக்கிறோம். இல்லைங்க. நாளுக்கு நாள் அசல் குறைஞ்சுகிட்டே வருது இல்லையா, சராசரியாப் பார்த்தா நம்ம கையில இருந்தது 4,250 ரூபாய்தான். அதுக்கு 100 நாளைக்கு 1,500 ரூபாய் வட்டி. வருஷக் கணக்குல 125 சதவீதத்தைத் தாண்டுது. ஊர்ல ஒருத்தர் அஞ்சு வட்டி வாங்கினா "கொள்ளைக்காரன்" என்று திட்டுறோம், அது வருஷத்துக்கு 60 சதவீதம். தண்டல் அதுக்கு ரெண்டு மடங்கு. ஆனா தண்டல்காரர் "அண்ணே, அக்கா" என்று சிரிச்சுப் பேசி 100 ரூபாய் வாங்கிட்டுப் போறதால நல்லவரா தெரியறார்.

அந்த 1,500 ரூபாயை 100 நாளால வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 15 ரூபாய். ரெண்டு முட்டைக் காசு! வீட்டுல ரெண்டு முட்டையை நிறுத்திட்டு "இன்னிக்கு 15 ரூபாய் மிச்சம் பண்ணினேன்" என்று ஒரு அம்மா சந்தோஷப்படறாங்க. அதே 15 ரூபாய் அதே நாள்ல வாசல்ல வந்து நிக்கிற வண்டியில ஏறிப் போயிடுது.

அடுத்தது குழு லோன். 50,000 ரூபாய், ரெண்டு வருஷம், 24 சதவீதம்னு வச்சுக்குங்க. குறையும் அசலுக்கு வட்டி போட்டாலும் மொத்தம் 13,400 ரூபாய்க்கு மேல வட்டி. பதினஞ்சு சிலிண்டர் காசு. ஒரு நாளைக்கு 18 ரூபாய். இதுபோல ரெண்டு மூணு இடத்துல வாங்கி வச்சிருக்கிற வீடு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. ஒண்ணுக்குக் கட்ட இன்னொண்ணு, அதுக்குக் கட்ட தண்டல். 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறுது. அந்த வாரத்து டியூவுக்கே அது பத்தலைன்னு சொல்ற வீடு எங்க தெருவுலயே இருக்கு. அரசாங்கம் ஒரு கையில கொடுக்கிறதை வட்டிக்காரங்க இன்னொரு கையில வாங்கிட்டுப் போறாங்க. நடுவுல அந்த அம்மாவுக்குப் பேரு "ஊதாரி", "சிக்கனம் தெரியாதவ".

இங்க ஒருத்தர் கேட்பார்: "அரிசி இலவசம், பஸ் இலவசம், ஆயிரம் ரூபாய் வேற. அப்புறமும் ஏன்யா கடன் வாங்கறீங்க? ஆடம்பரம்தானே?" நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். எதுக்கு வாங்கறாங்கன்னு பாருங்க. ஜூன் மாசம் பள்ளிக்கூடப் பணம். நடவு நேரத்துல கூலி. திடீர்னு ஆஸ்பத்திரி. மாடு செத்துப் போச்சு, போர்ல மோட்டார் எரிஞ்சு போச்சு. இதெல்லாம் ஆடம்பரமா? காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்குப் பெரிய பேனர் வைக்கிறதும், மண்டபம் பிடிக்கிறதும் ஆடம்பரம்தான், ஒத்துக்கறேன். அதைச் சொல்ற தைரியம் இந்தச் சிக்கன வகுப்புக்காரங்களுக்கு வரட்டும். அது அம்மாங்க மட்டும் எடுக்கிற முடிவு இல்லை. பங்காளி, மாமன், மச்சான்னு ஆம்பளைங்க கூடிப் பேசி, கௌரவம்னு முடிவு பண்றது.

ஆம்பளைங்கன்னதும் இன்னொண்ணையும் சொல்லித்தான் ஆகணும். சிலர் கோவிச்சுக்குவீங்க. சிக்கன யோசனை எல்லாம் ஏன் பொம்பளைங்களுக்கே சொல்றாங்க? தினம் ஒரு குவார்ட்டர் அடிக்கிற ஆள் மாசத்துக்கு என்ன செலவு பண்றார்னு கணக்குப் போட்டா ரேஷன், கேஸ், கரண்ட் மூணும் சேர்ந்தாலும் பக்கத்துல வராது. அதுலயும் "மலிவு" பார்த்துப் போன கதி நம்ம மாவட்டத்துக்கே தெரியும். 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல பாக்கெட் சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல உயிர் போச்சு. கடைச் சரக்கு வாங்கக் காசு இல்லாத கூலிக்காரங்கதான் அதுல நிறையப் பேர். அந்தப் பாக்கெட்டை விட்டு வைச்சது யார், கண்ணை மூடிக்கிட்டு இருந்தது யார் என்கிற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தனை சாவுக்கு அப்புறமும் செலவைக் குறைக்கிற பாடத்துல குடி என்கிற வார்த்தையே வராம "வெளியில டீ குடிக்காதீங்கம்மா" என்று பேசறாங்களே, அதைத்தான் என்னால பொறுக்க முடியலை.

திட்டிட்டு மட்டும் போனா அது எழுத்து இல்லை. எனக்குத் தெரிஞ்ச வழி சிலது சொல்றேன்.

முதல்ல, விலை அதிகமான கடனை விலை குறைஞ்ச கடனா மாத்துங்க. இதுதான் நம்ம மாதிரி வீட்டுக்குப் பெரிய சிக்கனம். கூட்டுறவு சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கி, தேதி தவறாமக் கட்டினா வட்டியே இல்லை. பேங்க்ல கிசான் கார்டு கடன் 3 லட்சம் வரைக்கும் ஒழுங்காக் கட்டினா 4 சதவீதம்தான் ஆகுது. 2025 ஜனவரி 1ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது. மகளிர் சுயஉதவிக்குழு மூலமா பேங்க் கடன் 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம். அதே 50,000 ரூபாயை 7 சதவீதத்துல ரெண்டு வருஷம் கட்டினா வட்டி 3,700 ரூபாய்தான் வரும். 24 சதவீதத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒன்பதாயிரத்து சொச்சம். எந்த அடுப்பங்கரையில இவ்வளவு மிச்சம் பிடிப்பீங்க?

"அலையணும்பா, பத்து தடவை நடக்கணும், தண்டல்காரர் வீட்டுக்கே வர்றார்" என்பீங்க. உண்மைதான். வாசலுக்கு வர்றதுக்குத்தான் அவ்வளவு கூலி வாங்கறார். அலைய விடுற ஆபீசுங்க மேல எனக்கும் கோவம் இருக்கு. சிக்கனத்தைப் பத்தி வகுப்பு எடுக்கிற நேரத்துல, அந்தத் தம்பி ஒரு நாள் கடன் மனு எழுதிக் கொடுத்திருந்தா ஊரே கும்பிட்டிருக்கும்.

ரெண்டாவது, சட்டத்தைத் தெரிஞ்சுக்குங்க. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003ல வந்த தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டத்துல பேர் சொல்லியே தடை பண்ணினது. குழு லோன் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022ல விதி போட்டிருக்கு. ஒரு குடும்பத்தோட எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 6 மணிக்கு மேலயும் போன் பண்ணித் தொல்லை பண்ணக் கூடாது. கடன் அட்டை நமக்குப் புரியுற பாஷையில இருக்கணும். முன்கூட்டியே கட்டி முடிச்சா அபராதம் கிடையாது. மிரட்டி வசூல் பண்றதைத் தடுக்க 2025ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே வந்தாச்சு. ராத்திரி 8 மணிக்கு வாசல்ல வந்து உக்காந்தா "விதி என்னன்னு சொல்லுங்க தம்பி" என்று கேளுங்க. ஒரு ஆள் கேட்டா கத்துவாங்க. தெருவே கேட்டா எழுந்து போயிடுவாங்க.

மூணாவது, விளைஞ்சதை முழுசா வித்துடாதீங்க. ஊர் பேர்லயே உளுந்தை வச்சுக்கிட்டு, உளுந்தைக் கமிட்டியில மூட்டையோட போட்டுட்டு, மூணு மாசம் கழிச்சு மளிகைக் கடையில கூடுதல் விலைக்கு அரைக்கிலோ வாங்கறோம். மல்லாட்டையும் அப்படித்தான். ரெண்டரைக் கிலோ பருப்பு செக்குல ஆட்டினா ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய், மிச்சம் பிண்ணாக்கு மாட்டுக்கு. வீட்டுக்கு வருஷத்துக்கு என்ன ஆகும்னு பார்த்து ரெண்டு மூட்டையைத் தனியா எடுத்து வைங்க. களத்துல நிக்கிறவங்களுக்கெல்லாம் அளந்து கொடுக்கிறோம், வீட்டுக்கு ஒரு பங்கு அளக்க மாட்டோமா?

நாலாவது, மாத்திரை. சர்க்கரை, பிரஷருக்கு மாசாமாசம் கடையில 500, 800 ரூபாய் கொடுக்கிற வீடு நிறைய. அதே மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். 2021 ஆகஸ்டுல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து தர்றாங்க. பேர் பதியாதவங்க பதிஞ்சுக்குங்க. "சும்மா கொடுக்கிறது நல்லா இருக்காது" என்கிற பேச்சை விடுங்க.

கடைசியா, நோட்டுல எழுதச் சொல்றாங்களே, அதை நானும் சொல்றேன். ஆனா வேற மாதிரி. உப்பு, புளி, மிளகாய் எழுத வேணாம். ஒரு பக்கத்துல மூணே வரி: இந்த மாசம் வட்டிக்குப் போனது எவ்வளவு, குடிக்குப் போனது எவ்வளவு, விசேஷத்துக்குப் போனது எவ்வளவு. எழுத வேண்டியது வீட்டுல இருக்கிற ஆம்பளை. மாசக் கடைசியில வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு, பிள்ளைங்க எதிர்லயே படிங்க. அந்த மூணையும் குறைச்ச பிறகும் பத்தலைன்னா, அப்ப அடுப்பங்கரைப் பக்கம் போய்ப் பேசலாம்.

அது வரைக்கும் அந்தம்மா முட்டை சாப்பிடட்டும்.